கிதர்ப்பூரில் பிறந்த போர்க்கலம்

கலம் செலுத்திக் கடாரம் கொண்ட சோழனின் புகழைப் பேசிக் களிக்கும் நாம், நம் கொல்கத்தாவின் கிதர்ப்பூர்த் துறையில் பிறந்த ஒரு சிறு கலத்தின் வரலாற்றை அறிந்தோமில்லை. அதன் பெயர் டயானா.

1823ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஜேம்ஸ் கிட் என்பாரின் கப்பல் கட்டும் துறையில் அது நீரில் இறக்கப்பட்டது. இங்கிலாந்தில் மாட்ஸ்லே தொழிற்கூடத்தார் செய்த நீராவி இயந்திரங்கள் அதன் இருபக்கச் சக்கரங்களையும் சுழற்றின. ஊக்ளி ஆற்றில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த அக்கலத்தை, 1824இல் பர்மியப் போர் மூண்டதும், கும்பினி அரசு 80,000 ரூபாய்க்கு வாங்கிற்று. அதனைப் போருக்குக் கொண்டு செல்லுமாறு வற்புறுத்தியவர், பின்னாளில் கடற்கதைகளால் புகழ்பெற்ற கப்பல் தலைவர் மரியாட். உலகில் போர்க்களம் கண்ட முதல் நீராவிக் கலங்களுள் டயானாவும் ஒன்றாயிற்று.

ஐராவதி ஆற்றில் பாய்மரக் கப்பல்கள் காற்றுக்காகக் காத்து நின்றன. பர்மியரின் நீண்ட போர்ப்படகுகளோ துடுப்பு வலிமையால் அம்பெனப் பாய்ந்தன. டயானா நீரோட்டத்தை எதிர்த்து ஏறியது, பாய்மரக் கப்பல்களை இழுத்துச் சென்றது, வெடிவாணங்களை ஏவியது, துடுப்பாளரின் கைகள் சோரும் வரை படகுகளைத் துரத்திப் பிடித்தது. மனிதன் களைத்தான், நீராவி களைக்கவில்லை.

1825 ஏப்ரலில் தனுபியூவில் பர்மியத் தளபதி பந்துலா வீழ்ந்தார். 1826 பிப்ரவரியில் யண்டாபூ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அரக்கானும் தெனாசரிமும் கும்பினியின் கைக்கு மாறின. அதே ஆண்டில் தூதர் கிராஃபர்டை ஆவா நகருக்கு ஏற்றிச் சென்றதும் டயானாவே. பத்தாண்டுகளைச் சற்றே கடந்த அதன் வாழ்வு, 1830களின் நடுவில் முடிந்தது.

இவ்வெற்றிக்குத் தரப்பட்ட விலை யாது? மூட்டை சுமக்க மாடுகளும் தரப்படாத நிலையில், பர்மாவுக்குச் செல்ல மறுத்த வங்கப்படைச் சிப்பாய்கள், 1824 நவம்பரில் இதோ அருகிலுள்ள பாரக்பூரில் சுடப்பட்டு மாண்டனர். கடல் கடந்து சென்ற சென்னைப்படைச் சிப்பாய்களுள் தமிழரும் இருந்தனர். அங்கே குண்டுக்குப் பலியானவரினும் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பலியானவரே மிகுதி. கலத்தின் பெயர் வரலாற்றில் நின்றது; அவர்தம் பெயர்கள் நிற்கவில்லை.

கிதர்ப்பூரைக் கடக்கும்போது நம் மக்களுக்கு டயானாவைக் காட்டுவோம். அதைக் கட்டிய கைகளின் திறத்தைப் போற்றுவோம். பிறர் நாட்டை அடிமைகொள்ள அத்திறம் பயன்பட்டதையும், பிழைப்புத் தேடிக் கடல் கடந்து மீளாத நம்மவரையும் சேர்த்தே சொல்வோம். நாமும் பிழைப்பின் பொருட்டு இந்நகர் வந்தவர்களன்றோ!