கழுத்து வலிக்கான இயன்முறை மருத்துவம்

கழுத்து வலிக்கான இயன்முறை மருத்துவம் என்பது கழுத்தில் தோன்றும் வலி, இறுக்கம், அசைவுக் குறைவு ஆகியவற்றை உடற்பயிற்சி, கைவழிச் சிகிச்சை, இருக்கை நிலைத் திருத்தம் முதலிய முறைகளால் தணிக்கும் மருத்துவ முறை ஆகும். இது பேச்சு வழக்கில் பிசியோதெரபி எனப்படுகிறது. மருந்துகள் வலியை அடக்க உதவுகின்றன. இயன்முறை மருத்துவம் கழுத்தின் அசைவையும் தசைகளின் வலிமையையும் மீட்க முயல்கிறது.

கழுத்து வலி வந்தால் பட்டை அணிந்து, கழுத்தை அசைக்காமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்ற கருத்து நெடுங்காலம் நிலவி வந்தது. ஆபத்தான காரணம் எதுவும் இல்லாத சாதாரணக் கழுத்து வலியில், தாங்கக்கூடிய அளவு அசைப்பதும் படிப்படியாகப் பயிற்சி செய்வதுமே நீண்ட ஓய்வைவிட நன்மை தரும் என்பது இன்றைய மருத்துவக் கருத்தாகும்.

கழுத்தின் அமைப்பு

மனிதனின் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. ஒட்டகச்சிவிங்கி உட்பட ஏறத்தாழ எல்லாப் பாலூட்டிகளுக்கும் இதே எண்ணிக்கைதான். முதல் முள்ளெலும்பு அட்லசு என்றும், இரண்டாவது ஆக்சிசு என்றும் அழைக்கப்படுகின்றன. தலையை இடமும் வலமும் திருப்பும்போது அவ்வசைவின் ஏறத்தாழப் பாதி இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்கிறது. ஆக்சிசுக்குக் கீழே ஒவ்வோர் இரு முள்ளெலும்புகளுக்கும் நடுவில் ஓர் இடைத்தட்டு உண்டு.

கழுத்துப் பகுதியிலிருந்து 8 இணை நரம்புகள் வெளிவருகின்றன. இவற்றுள் கீழ்ப்பகுதி நரம்புகள் தோள், கை, விரல்கள் வரை செல்கின்றன. ஆகவே கழுத்தில் ஒரு நரம்பு வேர் அழுத்தப்பட்டால் வலியோ மரத்துப்போதலோ கையில் உணரப்படலாம்.

வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோகிராம் எடையுடையது. தலை முன்னோக்கிக் குனியக் குனிய, அதைத் தாங்கும் பின்கழுத்துத் தசைகளின் மீதான சுமை கூடுகிறது. முள்ளெலும்புகளின் முன்புறத்தை ஒட்டியுள்ள ஆழ்தசைகள் கழுத்தை நிலையாக வைத்திருக்கின்றன. கழுத்து வலி உள்ளவர்கள் பலரிடம் இந்த ஆழ்தசைகளின் செயல் குறைந்தும், மேற்புறத் தசைகளின் உழைப்பு மிகுந்தும் காணப்படுகிறது.

காரணங்கள்

பெரும்பாலான கழுத்து வலிகளுக்குத் தனியொரு எலும்பையோ தட்டையோ காரணமாகச் சுட்ட இயலாது. பொதுவாகக் காணப்படும் காரணங்கள்:

- நீண்ட நேரம் ஒரே நிலையில் இருந்து கணினி, கைபேசி, தையல் பொறி போன்றவற்றைப் பயன்படுத்துதல்
- தசைப் பிடிப்பு, சுளுக்கு
- இடைத்தட்டுப் பிதுக்கம், நரம்பு வேர் அழுத்தம்
- வாகன மோதலில் தலை திடீரென முன்னும் பின்னும் வீசப்படுவதால் ஏற்படும் சாட்டையடிக் காயம்
- மன அழுத்தம், உறக்கக் குறைவு

கழுத்தெலும்புத் தேய்மானம் என்ற சொல் பலரை அச்சுறுத்துகிறது. வயது கூடும்போது இத்தகைய மாற்றங்கள் வலியே இல்லாதவர்களின் ஊடுகதிர்ப் படங்களிலும் காணப்படுகின்றன. படத்தில் தேய்மானம் தெரிவதால் மட்டும் அதுவே வலிக்குக் காரணம் என்றோ, கழுத்தை அசைக்கக் கூடாது என்றோ கொள்ள முடியாது. இந்த அச்சத்தால் அசைவைத் தவிர்ப்பவர்களின் தசைகள் மேலும் வலுவிழந்து, வலி நீடிக்கக்கூடும்.

மதிப்பிடுதல்

இயன்முறை மருத்துவர் முதலில் ஆபத்து அறிகுறிகள் உள்ளனவா என ஆராய்கிறார். பின்னர் கழுத்தின் அசைவு, தசை வலிமை, கையின் உணர்ச்சி, அனிச்சைச் செயல்கள் ஆகியவற்றைச் சோதிக்கிறார். 1991 இல் ஓவர்டு வெர்னன் என்பவர் வெளியிட்ட கழுத்து இயலாமைக் குறியீடு, வாசித்தல், வண்டி ஓட்டுதல், உறக்கம் முதலிய 10 கேள்விகளால் அன்றாட வாழ்வில் உண்டாகும் பாதிப்பை அளக்கிறது.

அமெரிக்க இயன்முறை மருத்துவர்கள் 2008 இல் வெளியிட்டு 2017 இல் திருத்திய வழிகாட்டி, கழுத்து வலியை நான்காகப் பிரிக்கிறது: அசைவுக் குறைவுடன் கூடியது, அசைவு ஒருங்கிணைப்புக் குறைவுடன் கூடியது, தலைவலியுடன் கூடியது, கைக்குப் பரவுவது. சிகிச்சை இப்பிரிவுக்கு ஏற்ப மாறுபடும்.

சிகிச்சை முறைகள்

உடற்பயிற்சி: இதுவே சிகிச்சையின் மையம் ஆகும். ஆழ்தசைப் பயிற்சியில் நோயாளர் மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், ஆம் என்று சொல்வது போல மோவாயை மெதுவாகத் தாழ்த்துகிறார். கழுத்தின் கீழ் காற்றுப் பை ஒன்றை வைத்து, அதன் அழுத்தத்தைப் பாதரச அளவில் 20 மில்லிமீட்டரிலிருந்து 30 வரை இரண்டிரண்டாக உயர்த்தச் செய்வதும் உண்டு. ஆசுத்திரேலியாவின் குவென்டலின் சல்லும் உடன் ஆய்வாளர்களும் இம்முறையை வளர்த்தனர். இதனுடன் தோள்பட்டைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிகளும் சேர்க்கப்படுகின்றன.

கைவழிச் சிகிச்சை: மருத்துவர் தம் கைகளால் மூட்டுகளை மென்மையாக அசைத்து இறுக்கத்தைத் தளர்த்துவது. ஆசுத்திரேலியரான செஃப்ரி மெயிட்லாந்து இதனைத் தர வரிசைப்படுத்தினார். இது பயிற்சியுடன் சேரும்போது கூடிய பயன் தருகிறது.

மெக்கன்சி முறை: நியூசிலாந்தின் இராபின் மெக்கன்சி (1931–2013) உருவாக்கியது. எந்த அசைவால் வலி குறைகிறது எனக் கண்டறிந்து, அதனை நோயாளரே மீண்டும் மீண்டும் செய்யக் கற்பிப்பது இதன் அடிப்படை.

வெப்ப ஒத்தடம், மின் தூண்டல், இழுவை: இவை சிலருக்குத் தற்காலிக ஆறுதல் தரலாம். இவற்றை மட்டுமே நம்பியிருத்தல் போதாது.

கழுத்துப் பட்டை: எலும்பு முறிவு ஐயப்படும் நிலையிலும், அறுவைக்குப் பின்னரும் தேவைப்படலாம். புதிதாகத் தோன்றிக் கைக்குப் பரவும் நரம்பு வலியிலும் குறுகிய காலம் உதவக்கூடும். நெதர்லாந்தில் நடந்து 2009 இல் வெளியான ஆய்வில், முதல் 6 வாரங்களில் பட்டையும் இயன்முறை மருத்துவமும் வெறுமனே காத்திருப்பதைவிட வலியை அதிகம் குறைத்தன. மாதக்கணக்கில் பட்டை அணிவது தசைகளை வலுவிழக்கச் செய்யும்.

ஆய்வுகள்

பின்லாந்தில் நாட்பட்ட கழுத்து வலி கொண்ட 180 பெண் அலுவலகப் பணியாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2003 இல் வெளியானது. தசை வலிமைப் பயிற்சி அல்லது தசைத் தாங்குதிறன் பயிற்சி செய்த இரு குழுவினருக்கும், 12 மாத முடிவில், தசை நீட்டலும் பொதுவான உடற்பயிற்சியும் மட்டும் அறிவுறுத்தப்பட்ட குழுவினரைவிட வலியும் இயலாமையும் நன்கு குறைந்திருந்தன. சில நாட்கள் மட்டும் செய்து நிறுத்தும் பயிற்சியால் இத்தகைய பயனை எதிர்பார்க்க இயலாது.

சாட்டையடிக் காயம் குறித்து 1995 இல் அறிக்கை அளித்த கியூபெக் பணிக்குழுவும், கடுமையற்ற காயங்களில் விரைவில் அன்றாடச் செயல்களுக்குத் திரும்புவதை வலியுறுத்தியது.

ஆபத்து அறிகுறிகள்

கீழ்க்கண்டவை இருப்பின் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரை உடனே அணுக வேண்டும்:

- விபத்துக்கோ விழுதலுக்கோ பின் தோன்றும் வலி
- காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு, முன்னர் இருந்த புற்றுநோய்
- சட்டைப் பொத்தான் போடுவதில் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அடக்க இயலாமை
- திடீரெனத் தோன்றும் கடும் கழுத்து வலியுடன் தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல்
- நெஞ்சு இறுக்கம், வியர்வை ஆகியவற்றுடன் கழுத்துக்கோ கைக்கோ பரவும் வலி

முடக்கு வாதம் உள்ளவர்களுக்கு அட்லசு, ஆக்சிசு எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கலாம். எனவே அவர்களது கழுத்தைத் திடீரெனத் திருப்புதல் ஆபத்தானது. முடிதிருத்தும் இடங்களில் கழுத்தில் சொடக்கு எடுக்கும் வழக்கமும் பாதுகாப்பானதன்று. அரிதாக இதனால் மூளைக்குச் செல்லும் முள்ளெலும்புத் தமனி கிழிந்து பக்கவாதம் உண்டாகலாம்.

அன்றாடப் பழக்கங்கள்

கணினித் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தை ஒட்டி இருத்தல், கைபேசியைச் சற்று உயர்த்திப் பிடித்தல், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடத்தல் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. சரியான இருக்கை நிலை என ஒன்றையே நாள் முழுவதும் காப்பதைவிட, நிலையை அடிக்கடி மாற்றுவது சிறந்தது. தலையணை, தலையை உடலின் நேர்கோட்டில் தாங்கும் உயரத்தில் இருத்தல் நன்று.

இவற்றையும் பார்க்க

- முள்ளந்தண்டு
- இடுப்பு வலி
- இடைத்தட்டுப் பிதுக்கம்
- முடக்கு வாதம்