பல போதைகளும் ஒரு சிகிச்சையும்: மேற்கு தில்லியின் நூறாண்டு

தில்லிக்குக் கொக்கெய்ன் புதிய பொருள் அன்று. 20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில், முதலில் ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்திலும் பின்னர் ஜப்பானிலும் தயாரான கொக்கெய்ன் கடத்தல் வழியாக வட இந்திய நகரங்களை அடைந்து, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையில் மடித்து மெல்லப்பட்டது. சுண்ணாம்பின் காரத்தன்மை அதை வாயின் உட்சவ்வு விரைவாக உறிஞ்ச வழிசெய்தது. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஆர்.என். சோப்ராவும் ஜி.எஸ். சோப்ராவும் 1931இல் இப்பழக்கத்தை ஆராய்ந்து எழுதினர். எனினும் அக்கால அரசு இதைச் சுங்கக் கண்காணிப்பு, தண்டனை ஆகியவற்றின் விஷயமாகவே பார்த்தது. 1930ஆம் ஆண்டின் ஆபத்தான மருந்துகள் சட்டமும் அந்தப் பார்வையின் விளைவே.

அபின் நெடுங்காலம் வேறு வழியில் நடத்தப்பட்டது. அரசு உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்ட அது, மருத்துவம் சாராத பயன்பாட்டுக்கு 1959இல் நிறுத்தப்பட்டது. 1980களின் தொடக்கத்தில், தில்லியில் ‘ஸ்மாக்’ எனப்படும் தூய்மை குறைந்த ஹெராயின் பரவியது. அதை அலுமினியத் தாளில் இட்டு, தாளின் அடியில் சுடர் காட்டி, எழும் புகையைக் குழாயால் இழுப்பதே வழக்கமாயிற்று. போதைப்பொருள்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம் 1985 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்தபின், 1988இல் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் தன் போதை நீக்க மையத்தை மேற்கு தில்லியின் ஜனக்புரியை அடுத்த ஹரி நகரில் உள்ள தீன் தயாள் உபாத்யாய மருத்துவமனையில் தொடங்கியது. மேற்கு தில்லிக் குடும்பங்களுக்கு, காவல் நிலையத்தை நாடாமல் உதவி கேட்க ஓர் அரசு வாசல் பக்கத்திலேயே கிடைத்தது என்பதே இதன் முதன்மையான சிறப்பு. இம்மையமே பின்னர் தேசியப் போதைச் சார்புச் சிகிச்சை மையமாக வளர்ந்து, 2003இல் காஸியாபாதுக்கு மாறியது.

இதற்கிடையே தனித்தனிப் பொருள்களோடு கலவையும் வந்துவிட்டது. மேற்கு நாடுகளில் பேசப்படும் கொக்கெய்ன்–ஹெராயின் சேர்க்கையில் முன்னது தூண்டுகிறது, பின்னது மூச்சை மந்தப்படுத்துகிறது. தூண்டல் முதலில் தணிவதால் மூச்சுத் தடை திடீரென வெளிப்படுவதே அதன் பேராபத்து. 1990களின் தில்லித் தெருக்களில் பரவியதோ மருந்துக் கடையிலேயே கிடைத்த கலவை: அபின் வகை வலிநீக்கியான புப்ரெனார்ஃபின், தூக்க மருந்தான டயஸிபாம், ஒவ்வாமைக்கான அவில் மூன்றும் ஒரே ஊசியில் சேர்த்துச் சிரையில் ஏற்றப்பட்டன. இதில் தூண்டும் பொருள் இல்லை. மயக்கும் மருந்துகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால் மூச்சு அடங்கும் அபாயமும், ஊசியைப் பகிர்வதால் எச்.ஐ.வி. தொற்றும் கூடின.

‘சரண்’ என்னும் தொண்டு அமைப்பு 1993இல் தில்லியில் நாவுக்கடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையை மாற்று மருந்தாகத் தரத் தொடங்கியது. ஊசியில் கேடு செய்த அதே மருந்து, கண்காணிப்போடு நாள்தோறும் தரப்படும்போது விலகல் வேதனையைத் தணித்து, வேலைக்கும் குடும்பத்துக்கும் மனிதரை மீட்டுத் தந்தது. ஜனக்புரியை ஒட்டிய திகார் சிறைக்கும் 2008இல் இச்சிகிச்சை எட்டியது. ஆயினும் இது அபின் வகைச் சார்பை மட்டுமே தணிக்கும். டயஸிபாம் சார்பை மெதுவாக அளவு குறைத்தே நீக்க வேண்டும். கொக்கெயினுக்கு நிகரான மாற்று மருந்து இன்றும் இல்லை. ஒருவரே மூன்று பொருள்களோடு வரும்போது, மருந்து உள்ள ஒன்றை மட்டும் கவனித்து அனுப்புவது அரைச் சிகிச்சையே.

2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 2.1 சதவீதத்தினர் அபின் வகைப் பொருள்களையும், சுமார் 0.1 சதவீதத்தினர் கொக்கெயினையும் பயன்படுத்தினர். சட்டவிரோதப் போதைப்பொருள்களைச் சார்ந்திருந்தவர்களில் இருபதில் ஒருவரே உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றிருந்தார். இந்த இடைவெளிக்குச் சட்ட அச்சமும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. சிறிய அளவு வைத்திருந்ததாகவோ உட்கொண்டதாகவோ குற்றஞ்சாட்டப்பட்டவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால், மேற்குறித்த 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காதபோது அவ்விலக்கைத் திரும்பப் பெறவும் இடம் வைக்கிறது. பல பொருள்களைச் சார்ந்து, ஒன்றை விட்டு மற்றொன்றோடு போராடும் ஒருவருக்கு ‘முழுமை’ எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதை அப்பிரிவு வரையறுக்கவில்லை.