கூடை சுமந்த தலைகளும் வெறும் தேத்தண்ணியும்

விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி தொடங்கும் காலையில் எங்கள் ஆசிரியை ஒரு கேள்வி கேட்பார்: "விடிய என்ன சாப்பிட்டீங்க?" ஓடத் தெரியுமா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. லயத்திலிருந்து மேடும் பள்ளமுமாக இரண்டு மைல் நடந்து வரும் பிள்ளைக்கு 800 மீற்றர் பெரிய தூரமல்ல. "தேத்தண்ணி மட்டும்" என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளையை ஓரமாக உட்காரவைத்து அவித்த கடலையைக் கையில் கொடுப்பார். மலையகப் பெண்களின் உடற்பலத்தைப் பற்றி எழுதும்படி மலர்க்குழு கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கடலைதான்.

எம்மவர் இந்த மலைக்கு நடந்தே வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஹட்டனுக்குப் புகையிரதம் வந்தது 1884 இல்தான். கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் கொழுந்து பறிப்பது பெண்களின் வேலையாயிற்று. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்குப் போய், செங்குத்தான மலையில் நாள் முழுவதும் நிற்க வேண்டும். கூடையின் கயிறு தலையில், பாரம் முதுகில். அண்மைக் காலத்தில் பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு 18 கிலோ கேட்டார்கள். மாலையில் திரும்பும்போது தலையில் விறகுக்கட்டும் ஏறிவிடும்.

இதே உலகில் 1928 ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீற்றர் ஓடினார்கள். சிலர் களைத்து விழுந்தார்களாம். இது பெண்ணுடலுக்கு ஆகாது என்று தீர்ப்புச் சொல்லி, 1960 வரை அந்த ஓட்டத்தையே நிறுத்திவைத்தார்கள். அந்தப் பெரியவர்களை ஒரு நாள் எங்கள் மலைக்கு அழைத்து வந்திருக்கலாம்!

உழைப்பில் குறையிருக்கவில்லை, குறை தட்டில் இருந்தது. 1942 இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போக, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, கோதுமை மா வந்தது. அன்று அடுப்பேறிய ரொட்டி இன்னும் இறங்கவில்லை. ரொட்டியும் சம்பலும் வயிற்றை நிரப்பும். தசையை வளர்க்கப் போதாது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதையும் குறைத்துவிடுகிறது. தேயிலை பறிக்கும் பெண்களிடையே இரத்தசோகை மிகுந்திருப்பதை நினைத்தால் மனம் கசக்கிறது. நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகின்றன. இருக்கிற நல்ல கறியும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போனபின், அம்மாவுக்குச் சட்டியின் அடிதான்.

1973, 74 ஆம் ஆண்டுகளை எங்கள் தாய்மார் இன்றும் பஞ்சகாலம் என்றே சொல்வார்கள். அரிசிப் பங்கீடு குறைந்தது, மாவின் விலை ஏறியது. தோட்டங்களில் பட்டினியால் மக்கள் இறந்தார்கள். பட்டணத் தெருக்களுக்குக் கையேந்த வந்தவர்களும் உண்டு. அந்நாளில் வகுப்பில் மயங்கி விழுந்த சிநேகிதிகளின் முகங்கள் எனக்கு மறக்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984 இல்தான் கிடைத்தது. 2016 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்குமான கணக்கு 17.

2000 ஆம் ஆண்டு சிட்னியில் பெண்களின் பாரந்தூக்கல் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி இரண்டு முறைகளிலுமாக 240 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றார். அதே சிட்னியில் எங்கள் நாட்டின் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் மூன்றாவதாக வந்தார். பின்னர் அது வெள்ளியாக உயர்ந்தது. பாரம் தூக்குகிற பெண்ணுக்கு ஓய்வுநாள் உண்டு, பயிற்றுநர் உண்டு, முட்டையும் பருப்பும் அளந்து கிடைக்கும். கொழுந்துக் கூடைக்கு இவை எதுவும் இல்லை. ஒரே பக்கமாய் இழுக்கும் அந்தப் பாரம் கழுத்தையும் இடுப்பையும் தேய்த்ததுதான் மிச்சம்.

இன்று எங்களில் பலர் ஆசிரியைகள், தாதியர், வங்கி அலுவலர்கள். நாற்காலி வேலை, சீனி போட்ட தேநீர், விட்டுப்போகாத மா உணவு. நாற்பது வயதில் சீனி வருத்தம் வந்து, மருத்துவர் சொல்லி நடக்கப் புறப்படுகிறோம். நானும் அப்படித்தான் புறப்பட்டேன். மெதுவோட்டமும் சிறு பாரங்களும், இரவில் ரொட்டிக்குப் பதில் பயறும் கீரையுமாக ஒரு வருடம் போயிற்று. ஐந்து கிலோ இரும்பை நான் தூக்கி இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "இதுக்குக் கிலோவுக்கு எவ்வளவு புள்ள குடுக்கிறாங்க?"

நூற்றாண்டை முன்னிட்டுப் பாடசாலைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கப் பணம் சேர்க்கிறோம். பந்து, ஈட்டி, ஓட்டச் சப்பாத்து எல்லாம் பட்டியலில் உண்டு. பயிற்சி நாட்களில் பிள்ளைகளுக்கு அவித்த கடலையும் ஆளுக்கொரு முட்டையும் என்று அதில் இன்னொரு வரி சேர்க்கும்படி சங்கத்துச் சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் மாதச் செலவு என்னுடையது.