நடுவில் வீங்கிய குழாய்

ரூ-ஸ்ட்ரோக் மோட்டார்சைக்கிளுக்கு நாங்களே சைலன்சர் ஒட்டப் பழகேக்க, முதல் தகட்டில ஓட்டைதான் விழுந்தது. ஒரு மில்லிமீற்றர் தகடு, சூடு கொஞ்சம் கூடினா உருகிப்போகும். இந்தக் குழாய் ஏன் நடுவில வீங்கிப் பிறகு ஒடுங்குது எண்டு தேடினதில, கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலைப் பொறியியலாளர் வால்டர் காடனிடம் போய்ச் சேர்ந்தோம்.

விரியும் கூம்பு எரிந்த வாயுவை இழுக்கும். அதோட கொஞ்சம் புதுக் கலவையும் வெளியேறிவிடும். ஒடுங்கும் கூம்பில் பட்டுத் திரும்பும் அழுத்த அலை, வாசல் மூடுமுன் அதை உள்ளே தள்ளும். நீளம் பிழைச்சா அலை நேரம் தவறும். இதைக் கணித்தே காடன் 1961இல் 125 சிசி எஞ்சினில் 25 குதிரைவலு எடுத்தார்.

அந்தச் செப்டெம்பரில், பேர்லின் சுவர் எழும்பி ஒரு மாதத்தில், அவருடைய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் போட்டியிலிருந்து தப்பிப்போனார். மனிசி பிள்ளையளும் காரில் ஒளிச்சு எல்லை கடந்தவை. 1962இல் சுசுகியில் 50 சிசி உலக சம்பியன். களவெடுத்தவர் எண்டு பலர் எழுதுகினம், களவுதான். ஆனா குடும்பத்தோட ஓடின ஒருத்தரை அந்த ஒரு சொல்லால முடிச்சுவிட எங்களுக்கு மனமில்லை.

காடன் அங்கேயே இருந்தார். எம்இசட்டுக்கு உலகப் பட்டம் கடைசிவரை கிடைக்கவேயில்லை.