அல்டுஸ் மனூத்தியுஸும் அவர் வகுத்த நூல்நடையும்

ஐரோப்பாவில் அச்சுக்கலை தோன்றிய காலத்து நூல்கள் பெரும்பாலும் கையெழுத்துப் பிரதிகளின் சாயலையே கொண்டிருந்தன. எழுத்தின் வடிவம், நூலின் அளவு, நிறுத்தக் குறிகள் என்பனவற்றிற்கு ஒரு நியமம் வகுத்து, அந்நியமத்தாலேயே தம் பெயரை உலகறியச் செய்தவருள் தலையாயவர் வெனிஸ் நகரத்து அல்டுஸ் மனூத்தியுஸ் ஆவர். ஒருவர் வகுத்த நடை அவர்க்கே உரிய உடைமையாகுமா என்னும் வினாவை அவருடைய வரலாறு எழுப்புகின்றது.

அல்டுஸ் உரோமாபுரிக்குத் தெற்கேயுள்ள பசியானோ என்னும் சிற்றூரிற் பிறந்தவர். உரோமாபுரியிலும் பெராராவிலும் கற்று, கார்ப்பி நாட்டுப் பியோ குடும்பத்து இளவரசர்க்கு ஆசிரியராயிருந்தார். 1490 ஆம் ஆண்டளவில், நாற்பது வயதை அண்மிய பருவத்தில், வெனிஸ் நகரையடைந்தார். அச்சுத்தொழிலிற் புகுந்தபோது அவர் வணிகருமல்லர், கம்மியருமல்லர். இலக்கணம் கற்பித்த ஓர் உபாத்தியாயர். அவர் எழுதிய இலத்தீன் இலக்கணம் 1493 இல் வெளிவந்தது. தம் பெயரையும் அவர் சீர்ப்படுத்திக்கொண்டார். தொடக்கத்தில் மன்னூக்கியுஸ் என எழுதியவர் பின்னர் மனூத்தியுஸ் என இலத்தீன் ஓசைக்கேற்ப அமைத்தார். தம்மை ஆதரித்த குடும்பத்தின் நினைவாகப் பியுஸ் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

1495 தொடக்கம் 1498 வரை அரிஸ்தோத்திலின் கிரேக்க நூல்களை ஐந்து பாகங்களாக அவர் வெளியிட்டார். எனினும் நடை வரலாற்றில் 1496 இல் வெளிவந்த சிறு நூலொன்றே பெரிது. பியெத்திரோ பெம்போ எத்னா மலையைப் பற்றி எழுதிய அந்நூலிலேதான் அரைப்புள்ளி முதன்முதல் அச்சேறியது. காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் இடைப்பட்ட நிறுத்தம் அதனாற் புலனாயிற்று. இன்று தமிழ் உரைநடையில் நாம் இடும் அரைப்புள்ளியும் ஐரோப்பிய அச்சின் வழியாக நம்மிடம் வந்த இக்குறியே. அந்நூலின் எழுத்துக்களை வெட்டியவர் பொலோஞா நகரத்துப் பிரான்செஸ்கோ கிரிபோ.

1501 இல் வேர்ஜிலின் பாடல்கள் முழுவதும் சாய்வெழுத்தில் அச்சாயின. அக்காலத்து அறிஞர் விரைவாக எழுதிய கையெழுத்தைத் தழுவிக் கிரிபோ இதனை அமைத்தார். பெத்திராக்கின் கையெழுத்தைப் பார்த்து வெட்டப்பட்டதென வழங்கும் கதையைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. தாளை எட்டாக மடித்த சிறிய அளவு முன்னர்ப் பெரும்பாலும் செபநூல்களுக்கே உரியதாயிருந்தது. பெரும் புலவரின் நூல்களை உரையின்றி, கையிலே கொண்டுசெல்லத்தக்க அவ்வளவில் அல்டுஸ் அச்சிட்டார். மேசையிற் கிடந்த நூல் பிரயாணியின் கைக்கு வந்தது.

அடுத்த ஆண்டில் அவருடைய இலச்சினை தோன்றிற்று. நங்கூரத்தைச் சுற்றிய ஓங்கில் மீன் அது. பெம்போ அன்பளிப்பாகக் கொடுத்த பழைய உரோம வெள்ளி நாணயமொன்றில் அவ்வுருவம் இருந்தது. மீன் விரைவையும் நங்கூரம் நிதானத்தையும் குறிக்க, இரண்டும் சேர்ந்து 'மெல்ல விரைக' என்னும் பொருள்படும் என்பர். 1508 இல் வெனிஸில் அல்டுஸோடு தங்கிப் பணியாற்றிய எராஸ்மஸ் இதனை விரிவாக விளக்கினார்.

புகழ் வளரக் களவும் வளர்ந்தது. சாய்வெழுத்தைப் பிறர் பயன்படுத்தாதவாறு வெனிஸ் செனற் சபையும் போப்பாண்டவரும் அல்டுஸுக்குத் தனியுரிமை வழங்கினர். பிரான்சின் லியோன் நகரத்து அச்சாளரை அவ்வாணைகள் கட்டுப்படுத்தவில்லை. எழுத்து, அளவு, முகவுரை யாவற்றையும் அவர்கள் அவ்வாறே பார்த்து அச்சிட்டனர். 1503 மார்ச் 16 இல் அல்டுஸ் ஓர் எச்சரிக்கைப் பத்திரம் வெளியிட்டார். போலிப் பிரதிகளில் அச்சாளர் பெயரும் இடமும் ஆண்டும் இரா. தாள் தரங்குறைந்தது, துர்நாற்றமுடையது. மெய்யெழுத்துக்கள் உயிரோடு இணையாது தனித்து நிற்கும் எனக் காட்டி, நூல்வாரியாகப் பிழைகளையும் எடுத்தெழுதினார். உபாத்தியாயரின் இயல்பு அவரை விடவில்லைபோலும்! லியோன் அச்சாளர் அப்பத்திரத்தையே பிழைதிருத்தமாகக் கொண்டு தம் அடுத்த பதிப்புக்களைச் செம்மைசெய்தனர்.

களவாடப்பட்டவர் என அல்டுஸ் முறையிட்ட அதே 1503 இல், அவரைக் குற்றஞ்சாட்டும் குரலொன்றும் எழுந்தது. அல்டுஸை விட்டு நீங்கிய கிரிபோ, பானோ நகரில் அச்சுக்கூடம் நடத்திய யூதரான சொன்சினோவிடஞ் சேர்ந்தார். சாய்வெழுத்தை ஆக்கியவர் கிரிபோவே. பிறர் அவருடைய இறகுகளை அணிந்து திரிகின்றனர் என்னுங் கருத்துப்படச் சொன்சினோ எழுதினார். 1501 ஆம் ஆண்டு வேர்ஜில் பதிப்பில் கிரிபோவின் கைத்திறனை அல்டுஸ் பெயர் குறித்துப் பாராட்டியது உண்மை. ஆயினும் அரசிடம் பெற்ற உரிமைப் பத்திரங்களில் உரியவராக நின்றவர் அல்டுஸ் மட்டுமே. நடையை எண்ணியவர் ஒருவர், எழுத்தை வெட்டியவர் மற்றொருவர் என்னுமிடத்து, பின்னவர்க்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்றே கொள்ள வேண்டியுள்ளது.

1515 பெப்ரவரி 6 இல் அல்டுஸ் காலமானார். போலிகள் ஒழியவில்லை, இலச்சினையும் களவுபோயிற்று. 1518 இல் வெளிவந்த லிவியின் வரலாற்று நூல் முகவுரையில் அல்டுஸின் மைத்துனர், புளோரன்ஸ் நகரத்துப் போலி இலச்சினையில் ஓங்கிலின் தலை இடப்புறம் திரும்பியுள்ளது, தமதில் வலப்புறம் திரும்பியுள்ளது என வாசகர்க்கு அறிவிக்க நேர்ந்தது.

அவ்வீட்டார் காத்த நியமங்கள் நூலாக எழுதப்பட்டமை மூன்றாந் தலைமுறையிலாகும். அல்டுஸின் பேரர், அவர் பெயரையே தாங்கியவர், 1561 இல் பதினான்கு வயதில் இலத்தீன் எழுத்திலக்கண நூலொன்றைத் தம் பெயரால் வெளியிட்டார். அவ்விளம்பிள்ளைக்குத் தந்தை பவுலோவின் துணையும் இருந்திருத்தல் கூடும். 1566 ஆம் ஆண்டுப் பதிப்பில், காற்புள்ளி முதல் முற்றுப்புள்ளி வரை எவ்விடத்து எக்குறி இடுதல் வேண்டுமென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. பாட்டனார் தனியுரிமை கேட்டுக் காக்க முயன்ற நடையின் ஒரு பகுதியை, பேரர் எவரும் கற்றுக்கொள்ளுமாறு விலைக்கு விற்றார்.