மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: இனக்குழுக்களும் மரபணு அபாயக் காரணிகளும்

நோயெதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் மயலின் உறையைத் தாக்கிச் சிதைக்கும் நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். இது பெற்றோரிடமிருந்து நேராக இறங்கும் நோயன்று. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால், மற்றவருக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். ஆனால் நோய் வாய்ப்பைக் கூட்டும் மரபணு வடிவங்கள் உண்டு. அவை மக்களுக்கு மக்கள் வேறுபடுகின்றன.

முதல் தடயம் உறுப்பு மாற்றுக்குப் பொருத்தம் பார்க்கும் சோதனையிலிருந்து கிடைத்தது. 1972இல் டென்மார்க்கில் காஸ்பர் யெர்சில்ட், ஆர்னே ஸ்வேகோர், டோர்பன் ஃபோக் மூவரும் நோயாளிகளிடம் சில எச்.எல்.ஏ. வகைகள் மிகுந்திருப்பதைக் கண்டனர். ஆறாம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணுக் கூட்டம், தன்னுடையது எது, அந்நியம் எது என்று நோயெதிர்ப்பு டி அணுக்களுக்குக் காட்டும் புரதங்களை உருவாக்குகிறது. மறு ஆண்டே அங்கு இன்னும் வலுவான தொடர்பு ஒன்று தெரிந்தது, பின்னாளில் டி.ஆர்.பி.1*15:01 என்று பெயர் பெற்ற வடிவம் அதுவே. வட ஐரோப்பிய வழியினரிடம் இது நோய் வாய்ப்பை ஏறக்குறைய மூன்று மடங்காக்குகிறது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் யூரேசியப் புல்வெளியிலிருந்து மேற்கே பெயர்ந்த யம்னாயா மேய்ப்பரே இதை வட ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர் எனப் பண்டைய மரபணுக்களை ஆராய்ந்த 2024ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

நோய் மிகுந்த சார்டீனியத் தீவில் நிலை வேறு. அங்கே டி.ஆர்.பி.1 மரபணுவின் 03:01, 04:05 ஆகிய வடிவங்கள் முன்னிற்கின்றன. நோயெதிர்ப்பு பி அணுக்களைப் பெருக்கும் பாஃப் என்ற புரதத்தை மிகுதியாக்கும் மரபணு மாற்றமும் அங்கே 2017இல் கண்டறியப்பட்டது. மலேரியாவை எதிர்க்க உதவியதால் அது தீவில் நிலைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஜப்பானியரிடமும் 04:05 அபாயம் தருகிறது.

ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் நடந்த ஆய்வு ஒரு பழைய சிக்கலையே அவிழ்த்தது. ஐரோப்பியரிடம் 15:01 பெரும்பாலும் டி.க்யூ.பி.1*06:02 என்ற அண்டை மரபணு வடிவத்துடன் சேர்ந்தே வருவதால், குற்றவாளி எது என்று பிரித்தறிய இயலவில்லை. ஆப்பிரிக்க வழியில் இவ்விணைப்பு பலரிடம் அறுந்திருக்கிறது. 2004இல் வெளியான அந்த ஆய்வு, டி.ஆர்.பி.1 மரபணுவே காரணம் என்று காட்டியது. ஆப்பிரிக்க வடிவமான 15:03க்கும் அதில் பங்குண்டு.

2019இல் 47,429 நோயாளிகளின் தரவிலிருந்து 233 மரபணுத் தொடர்புகள் பட்டியலாயின. அவர்கள் ஐரோப்பிய வழியினர். தெற்காசியரிடையே நடந்த ஆய்வுகள் மிகச் சிறியவை.