பாடினவர் பெயர்

புதிய பாட்டு எங்கே கிடைக்கிறது என்று நம்மில் யாரும் யாரையும் கேட்பதில்லை. 300 பிரதி அச்சிட்ட கவிதைத் தொகுப்பைக்கூட யாரிடமாவது இரவல் வாங்கிப் படித்துவிடுகிற நாம், சினிமாவுக்கு வெளியே ஒருவர் பாட்டுக் கட்டி வெளியிட்டால் அதைப் பத்து வருஷம் கழித்துத்தான் அறிகிறோம். சினிமாவுக்கும் சபாவுக்கும் வெளியே தமிழில் பாட்டே இல்லை என்கிற எண்ணம் படித்தவர்களிடம் ஊறிக் கிடக்கிறது. இதைச் செவியின் சோம்பல் என்று நினைத்திருந்தேன். இப்போது வேறொன்று படுகிறது. பாட்டு நம் காதுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. வரும் வழியில் பெயரைத் தொலைத்துவிட்டு வருகிறது. பெயரில்லாமல் வருவதை ஒரு வெளியீடாக நாம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரம் கடற்கரைக்கும் இடையிலுள்ள 30 கிலோமீட்டரை வைத்துக்கொண்டே இந்தச் சரித்திரத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். தொடக்கத்துக்கு மட்டும் கல்கத்தா போகவேண்டியிருக்கிறது.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கெய்ஸ்பர்க் அங்கே வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது அந்தத் தட்டுகளில் பதிவாகியிருக்கிறது. கர்வம் என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றும். காரணம் வேறு. மெழுகில் பதிந்தது ஜெர்மனியில் ஹனோவர் ஆலைக்குப் போய்த் தட்டாகித் திரும்ப வேண்டும்; அங்கே சீட்டு ஒட்டுகிறவனுக்கு எந்தத் தட்டு யாருடையது என்று தெரிய வேண்டும். ஆக, இந்தியப் பாட்டில் பாடினவர் பெயர் முதன்முதலாக ஒலியாகவே ஏறியது சரக்குக் குழம்பிவிடக்கூடாது என்கிற வியாபாரத் தேவையால். இருந்தாலும் ஏறியது. அந்தப் பெண் தன் பெயரைத் தானே சொன்னாள்.

ஆனால் தட்டுக்கு ஆலை வேண்டும், முதல் வேண்டும், கடை வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குள் பாட்டை வெட்டிக்கொள்ள வேண்டும். ராத்திரி முழுக்க நீள்கிற பாட்டுக்கு அதில் இடமில்லை.

மாமல்லபுரம் கடற்கரையில் அப்படி ஒரு ராத்திரி வருஷத்துக்கு ஒரு முறை வருகிறது. மாசி மகத்துக்குப் பல ஊர்களிலிருந்தும் இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, மணலில் புடவையும் துணியும் கட்டிக் குடில் போட்டுத் தங்குகிறார்கள். ஈர மணலில் ஏழு படி பிடித்துக் கன்னியம்மனை வைக்கிறார்கள். ஆட்டமும் பாட்டுமாக இரவு கழிகிறது. விடியற்காலையில் கல்யாணங்கள் நடக்கின்றன. இதே ஆட்கள்தான் மற்ற நாட்களில் இந்தச் சுற்றுவட்டாரத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு உழைத்தவர்கள். இவர்களில் சிலர்தான் வடநெம்மேலியில் 1978இல் ஏற்பட்ட பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் விஷம் எடுத்துக் கொடுக்கிறவர்கள். பாம்பைப் பற்றி அவர்களிடம் கேட்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். பாட்டைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் மிகக் குறைவு.

இதே கரையில் கரைவலை இழுக்கிறவர்களுக்கு அம்பாப் பாட்டு இருந்தது. ஒருவன் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏற்றிச் சொல்ல, கயிறு வரும். மோட்டார் வந்தபின் இழுக்கிற மூச்சுக்குப் பாட்டுத் துணை வேண்டியிருக்கவில்லை. இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டுக்காக யாரும் கஷ்டப்பட்டு வலை இழுக்க வேண்டியதில்லை.

இவற்றைச் சேகரித்தவர்கள் உண்டே என்பார்கள். உண்டு. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ பெரிய காரியம். பல்கலைக்கழகங்கள் ஏறெடுத்துப் பார்க்காத காலத்தில் நடந்த காரியம். அதில் பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் இருக்கும். பாடினவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. வர்க்க ஆராய்ச்சியில் அத்தனை கவனமாக இருந்தவருக்கே ஒரு பாட்டு ‘மக்களுடையது’ என்று ஆனவுடன், அந்த மக்களில் ஒருத்தியாக உட்கார்ந்து பாடிக் காட்டியவளின் பெயர் தேவைப்படவில்லை. பாட்டைப் பொதுவாக்குவது வேறு, பாடியவளைப் பொதுவாக்குவது வேறு. இந்த வித்தியாசம் நமக்குப் புலப்பட இன்னும் பல வருஷங்கள் ஆயின.

நடுவில் கேஸட் வந்தது. பிலிப்ஸ் கம்பெனி 1963இல் அதை வெளியிட்டது. நம் ஊர் கடைத்தெருவுக்கு அது சாதாரணமாக வந்துசேர எழுபதுகளின் கடைசியாயிற்று. ஆலை இல்லாமல், இரண்டு கேஸட் போடுகிற ஒரு பெட்டி இருந்தால் எவனும் வெளியீட்டாளன் ஆகலாம் என்பதுதான் அதன் அதிசயம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகளில் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் 60 நிமிஷமோ 90 நிமிஷமோ பதிந்து வைத்திருப்பார்கள். அது சட்டப்படி திருட்டு. சங்கீத சரித்திரப்படி என்னவென்று சொல்வது?

அந்தப் பெட்டியில் எல்லாம் ஏறின. எல். ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டுகள் ஆடி மாதத் தெருக்களை ஆண்டதும் கேஸட்டால்தான். மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை கட்டிப் போகிற பஸ்களில் வழியெல்லாம் ஓடியது இந்த ரகம். நம்மவர்கள் இதைச் சத்தம் என்று ஒதுக்கினார்கள். சினிமாவின் தயவில்லாமல் தமிழில் லட்சக்கணக்கானவர்கள் விரும்பிக் கேட்ட பாட்டு அதுதான் என்பதையாவது ஒப்புக்கொண்டிருக்கலாம்.

அதே கேஸட்டில்தான் ‘மனுசங்கடா’வும் வந்தது. எழுதியவர் இன்குலாப், பாடியவர் கே. ஏ. குணசேகரன். 1944இல் கீழக்கரையில் பிறந்த சாகுல் அமீது, சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் ஆசிரியர். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது அவரை இடதுசாரிப் பக்கம் நெட்டித் தள்ளியது. குணசேகரன் சிவகங்கைப் பக்கத்து மாரந்தைக்காரர். ‘தன்னானே’ என்று குழு வைத்துக்கொண்டு மேடை மேடையாகப் பாடியவர். பின்னால் ‘வடு’ எழுதியவர். ஒருவர் எழுத்தும் மற்றவர் குரலும் சேர்ந்த இடம் அந்தப் பாட்டு.

கவிதை என்ற முறையில் இன்குலாபை நம் பத்திரிகைகள் நடத்திய விதம் தெரிந்ததே. கோஷம் என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவருடைய பல கவிதைகளுக்கு அது இன்றும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த ஒரு பாட்டில் பக்கத்தில் அச்சாகிக் கிடப்பதற்கும் குணசேகரன் தொண்டையில் கிளம்புவதற்கும் உள்ள தூரத்தை நாம் அளக்கவே இல்லை. அச்சில் அதட்டலாகத் தெரிவது, பாட்டில் திகைப்பாக இருக்கிறது: இதைக்கூடச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறதே என்கிற திகைப்பு. கவிதையை மௌன வாசிப்புக்குரியதாக ஆக்கிக்கொண்ட நம் நவீன விமர்சனத்துக்கு அதைக் கேட்கக் காது இல்லை.

என் கைக்கு வந்தது பிரதியின் பிரதி. உறை கிடையாது. முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் ‘பாட்டு – 2’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் ஏறி, குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. அதை எனக்குக் கொடுத்தவருக்கு எழுதினவரும் தெரியாது, பாடினவரும் தெரியாது. சேரிப் பாட்டு என்றார். வெகுநாள் கழித்துத்தான் பெயர்கள் எனக்குத் தெரிந்தன. இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தப் பெயரின்மை தோல்வி அல்ல. ஒரு கவிஞன் எழுதியது ஊர் ஊராகத் தங்கள் பாட்டு என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. பெயர் உதிர்ந்ததால் யாரும் பணம் பண்ணவில்லை. அம்ஷன் குமார் 2017இல் எடுத்த படத்துக்கு அந்தப் பாட்டின் பெயரையே வைத்தார். செத்துப்போன தகப்பனைப் பொதுவழியில் தூக்கிப் போக விடாத ஊரைப் பற்றிய படம் அது.

இருவரும் ஒரே வருஷத்தில் போனார்கள். குணசேகரன் 2016 ஜனவரியில். ஊரப்பாக்கத்தில் குடியிருந்த இன்குலாப் அவ்வருஷம் டிசம்பர் 1இல். இன்குலாபின் உடலை அவர் விருப்பப்படி செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் ‘காந்தள் நாட்க’ளுக்கு அறிவிக்கப்பட்ட சாகித்ய அகாதெமி பரிசைக் குடும்பத்தார் வேண்டாமென்றார்கள்.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முறை மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சி, இசை அமைப்பு தென்மா, கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒரே மேடையில். பெயர், அயோத்திதாசர் சொன்ன சாதிபேதமற்ற தமிழரிலிருந்து வந்தது. எல்லோரும் ஒரே மாதிரி கோட்டுசூட்டு போட்டிருந்தார்கள். கானாக்காரன் என்றால் சாவு வீட்டுக்குக் கூப்பிட்டுப் பெயர் கேட்காமல் அனுப்பிவிடுகிற ஊரில், தனித்தனிப் பெயரோடும் முகத்தோடும் அவர்கள் நின்றதுதான் அன்றைய சங்கதி. பாட்டுகள் எல்லாம் தரம் என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் செய்தி பாட்டை முந்திக்கொண்டு ஓடுகிறது.

அந்தக் குழுவில் ராப் பாடிய அரக்கோணத்து அறிவு, தீயோடு சேர்ந்து பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வந்தது. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது ‘மாஜா’, சினிமாவுக்கு வெளியேயான பாட்டுக்கென்றே வந்த அமைப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் கதைகளிலிருந்தும் ஒப்பாரியிலிருந்தும் அறிவு அதை எடுத்தார். உலகமே கேட்டது. அந்த ஆகஸ்டில் ஒரு பத்திரிகை அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் கேட்டபிறகு இன்னொரு அட்டை வந்தது.

மறுவருஷம் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட். ஆட்டங்கள் பூஞ்சேரியில், தொடக்க விழா மட்டும் 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு ஸ்டேடியத்தில். அங்கே அந்தப் பாட்டு அறிவு இல்லாமல் பாடப்பட்டது. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்றார்கள். ஆகஸ்டு 1இல் அறிவு, எழுதி மெட்டமைத்துப் பாடியது தானே என்று எழுதினார். மற்ற இருவரும் அவர் பங்கைத் தாங்கள் எப்போதும் சொல்லியே வந்திருப்பதாகப் பதில் எழுதினார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் அந்தப் பாட்டிலிருந்து தங்கள் யாருக்கும் வருமானம் வரவில்லை என்றார்.

யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ‘மனுசங்கடா’வோடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது, அவ்வளவுதான். கேஸட்டில் பெயர் உதிர்ந்தபோது பாட்டு கேட்டவர்களுடையதாயிற்று. இப்போது ஒவ்வொரு கேட்பும் எங்கோ எண்ணப்படுகிறது. எண்ணப்படும் இடத்தில் உதிர்கிற பெயர் வேறொருவர் கணக்கில் போய்ச் சேரும். சுயாதீன இசை என்று இன்று சொல்கிறார்கள். எதனிடமிருந்து சுயாதீனம் என்பதைப் பாட்டுக்குப் பாட்டு கேட்டாகவேண்டியிருக்கிறது.

ஒரு மாசி மகத்தன்று மாமல்லபுரம் போயிருந்தேன். கையில் போன் வைத்திருந்த பிள்ளைகள் சூழ்ந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரிப் படங்கள் இப்போது நிறையக் கிடைக்கின்றன: தலைப்பில் ஊர் இருக்கும், இனம் இருக்கும், ஏற்றியவர் பெயர் இருக்கும். வானமாமலை காலத்து அடிக்குறிப்பு அப்படியே. குடிலுக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்த வயதான அம்மாளிடம், விடிந்தபிறகு, பெயர் கேட்டேன்.

“எதுக்கு சார்?”

எழுதத்தான் என்றேன்.

“எம்பேரு எதுக்கு? கன்னிம்மா பேரப் போட்டுக்கோ” என்றார்.